கடை மூடியிருக்கு... மணிக்கணக்கு ஸ்டாஃபுக்கு சம்பளம் எப்படி போடுறது?



இன்னைக்கு கொஞ்சம் வித்தியாசமான பாடம். எஸ்.ஐ.பி. இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, டேக்ஸ் சேவிங்கும் இல்லை. ஒரு தொற்று நோய் வந்து அரசாங்கமே எல்லாத்தையும் மூடச் சொல்லும்போது, மணிக்கணக்கில் சம்பளம் வாங்குறவங்களை எப்படி நடத்தணும், அவங்க சம்பளத்தை எப்படிக் கணக்குப் போடணும் என்பதுதான் தலைப்பு.

"நான் ஓனர் இல்லையே சார், எனக்கு எதுக்கு இது?" என்று நீங்க கேட்கலாம். உங்களில் பலர் இப்போ டீம் லீட், ஸ்டோர் மேனேஜர், எச்.ஆர். எக்ஸிக்யூட்டிவ், ஆபரேஷன்ஸ் ஆள். ஷிஃப்ட் ரோஸ்டரும் அட்டெண்டன்ஸ் ஷீட்டும் உங்க கையில்தான் இருக்கு. முடிவு ஓனருடையதா இருந்தாலும், அந்த முடிவுக்கான எக்ஸெல் ஷீட்டைப் போடப் போறது நீங்கதான். ஷீட்டில் ஒரு வரியை எப்படி எழுதுறோம் என்பதிலேயே பாதி முடிவு எடுத்தாச்சு. 2020-ல் நான் பண்ணின தப்பே அதுதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் போட்ட பூஜ்ஜியம்

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு பிரதமர் டிவியில் பேசினார். மறுநாளிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. மார்ச் 26 காலையில் எனக்கு ஒரு கிளையண்ட் போன் பண்ணினார். சென்னையில் ஒரு சின்ன ஹோட்டல். மாசச் சம்பளத்துக்கு 4 பேர், மணிக்கணக்குக்கு 9 பேர். "சார், எத்தனை நாள் தாங்குவேன்னு ஒரு ஷீட் போட்டுக் கொடுங்க" என்றார்.

அரை மணி நேரத்தில் போட்டேன். வாடகை, இ.எம்.ஐ., கரண்ட் பில், மாசச் சம்பளம் எல்லாம் அப்படியே வந்தது. மணிக்கணக்கு ஸ்டாஃப் வரியில் பூஜ்ஜியம். அந்த நேரத்தில் எனக்கு அது தப்பாவே தெரியல. வேலை இல்லை, அதனால் மணி இல்லை. மணி இல்லைன்னா சம்பளமும் இல்லை. கணக்கு சரிதானே?

ஆனா அதே ஷீட்டில், மேல் வரியில், மாசச் சம்பளக்காரங்க 4 பேருக்கு 72,000 ரூபாய் அப்படியே இருந்தது. அவங்களும் வீட்டில்தான் இருந்தாங்க, அவங்களும் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யல. அந்த வரியை நான் கேள்வியே கேட்கல. காரணம் நியாயம் அநியாயம் இல்லை. ஒருத்தர் சம்பளத்தில் 'மாசம்' என்ற வார்த்தை இருக்கு, இன்னொருத்தர் சம்பளத்தில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மணிக்கணக்குச் சம்பளத்தின் பெரிய சிக்கல் இதுதான். கடை மூடினா, யாராவது உட்கார்ந்து ஒரு எண்ணை எழுதாத வரைக்கும் அவங்க சம்பளம் தானா பூஜ்ஜியம் ஆயிடும். யாரும் வெட்டணும்னு முடிவு பண்ண வேண்டியதே இல்லை. அதனால, முதல் வேலை அந்த எண்ணை எழுதுறது.

படி 1: அடிப்படை மணியைக் கண்டுபிடிங்க

மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு ஆணை போட்டது. மூடியிருக்கும் காலத்துக்கும் தொழிலாளர்களுக்கு உரிய தேதியில், பிடித்தம் இல்லாமல் சம்பளம் கொடுக்கணும் என்று அதில் இருந்தது. என் பூஜ்ஜியம் மூணே நாளில் காலி.

சரி, முழுச் சம்பளம் கொடுக்கணும். மணிக்கணக்கு ஆளுக்கு 'முழுச் சம்பளம்' என்றால் எவ்வளவு? ஒரு மாசம் 190 மணி, இன்னொரு மாசம் 162 மணி வேலை செய்தவருக்கு எதை எடுக்கிறது? அதற்கு ஆணையில் ஃபார்முலா எதுவும் இல்லை.

இந்த இடத்தில் பிரிட்டன் ஒரு நல்ல உதாரணம். அங்கே ஃபர்லோ திட்டத்தில், வீட்டில் இருக்கும் ஊழியரின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாசம் 2,500 பவுண்ட் வரம்புக்குள், அரசே கம்பெனிக்குக் கொடுத்தது. சம்பளம் மாசாமாசம் மாறுறவங்களுக்கு இரண்டு கணக்கு போடச் சொன்னாங்க. ஒன்று, போன வருஷம் இதே மாசம் வாங்கினது. இன்னொன்று, 2019-20 வரி ஆண்டின் மாதச் சராசரி. இரண்டில் எது அதிகமோ அது.

நம்ம ஊர் சின்னக் கடைகளில் ஒரு வருஷ ரெக்கார்ட் பெரும்பாலும் இருக்காது. மூணு மாச அட்டெண்டன்ஸ் இருந்தாலே போதும். பாத்திரம் கழுவும் அக்காவின் கணக்கைப் பாருங்க. (புரிய வைக்கிறதுக்காக எண்களை ரவுண்ட் பண்ணியிருக்கேன்.)

டிசம்பர்: 176 மணி
ஜனவரி: 190 மணி
பிப்ரவரி: 162 மணி
மொத்தம் 528. சராசரி மாசம் 176 மணி.
மணிக்கு 60 ரூபாய் என்றால், 176 × 60 = 10,560 ரூபாய்.

இந்த 176-தான் அக்காவின் அடிப்படை மணி. இப்படி 9 பேருக்கும் போட்டோம். மொத்தம் மாசம் 95,000 ரூபாய் வந்தது. பூஜ்ஜியமா இருந்த வரிக்கு இப்போ ஒரு எண் கிடைச்சாச்சு.

படி 2: எத்தனை நாள் தாங்கும்?

மார்ச் 26 நிலவரம்:

வங்கி இருப்பு: 6,20,000
காய்கறி, மளிகை, கேஸ் சப்ளையர்களுக்கு பாக்கி: 1,40,000
கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.: 45,000
உண்மையில் நம்ம கையில் இருப்பது: 4,35,000

முதல் பாடம் இங்கேயே இருக்கு. வங்கியில் இருக்கிற பணம் எல்லாம் நம்ம பணம் இல்லை. ஜி.எஸ்.டி. அரசாங்கத்தோட பணம், நம்ம அக்கவுண்ட்டில் சும்மா தங்கியிருக்கு.

மாசச் செலவு: வாடகை 85,000, மாசச் சம்பளம் 72,000, இ.எம்.ஐ. 38,000, கரண்ட், இன்டர்நெட் மாதிரி மற்றவை 15,000. கூட்டினா 2,10,000.

இப்போ மூணு விதமா கணக்குப் போடுவோம். மாசத்துக்கு 30 நாள்.

மணிக்கணக்கு ஸ்டாஃபுக்கு பூஜ்ஜியம்: மாசச் செலவு 2,10,000. தாங்குறது சுமார் 62 நாள்.
பாதிச் சம்பளம்: மாசச் செலவு 2,57,500. சுமார் 51 நாள்.
முழுச் சம்பளம்: மாசச் செலவு 3,05,000. சுமார் 43 நாள்.

9 குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூட கொடுக்காம விட்டா, கடைக்குக் கிடைக்கிறது வெறும் 19 நாள். முதல் நாள் நான் போட்ட ஷீட்டில் இந்த ஒப்பீடே இல்லை. பூஜ்ஜியம் மட்டும் இருந்தது, அதன் விலை என்னன்னு பார்க்கவே இல்லை.

படி 3: சம்பளத்தைத் தொடுறதுக்கு முன்னாடி மற்ற வரிகளைப் பாருங்க

மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி இ.எம்.ஐ.-க்கு மூணு மாச மொராடோரியம் அறிவிச்சது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. அது தள்ளுபடி இல்லை, வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும். 12 சதவீத வட்டியில் 10 லட்சம் பாக்கி இருந்தா, மாசம் 10,000 ரூபாய் வட்டி சேரும். ஆனாலும் கையில் பணமே இல்லாத நேரத்தில் மாசம் 38,000 ரூபாய் வெளியே போகாம நிற்கிறது பெரிய விஷயம்.

அடுத்தது வாடகை. கட்டட ஓனரிடம் பேசினோம். "மூணு மாசம் பாதி கொடுங்க, மீதியைக் கடை திறந்ததும் தவணையா கொடுங்க" என்று ஒத்துக்கிட்டார். கேட்காம இருந்திருந்தா கிடைச்சிருக்காது. அதனால மாசம் 42,500 தள்ளிப் போச்சு.

இப்போ கணக்கு: 2,10,000-ல் 38,000-மும் 42,500-ம் போக 1,29,500. மணிக்கணக்கு ஸ்டாஃபுக்கு முழுச் சம்பளம் 95,000 சேர்த்தா 2,24,500. நம்ம 4,35,000 ரூபாய் சுமார் 58 நாள் தாங்கும்!

அதாவது, 9 பேருக்கும் முழுச் சம்பளம் கொடுத்தும் 58 நாள். அவங்களுக்குப் பூஜ்ஜியம் போட்ட முதல் ஷீட்டுக்கும் இதற்கும் 4 நாள்தான் வித்தியாசம். அந்த உள்துறை ஆணை மே 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. மார்ச் 25 முதல் மே 17 வரை எண்ணினா 54 நாள். எங்க ஷீட் அதைத் தாண்டி நின்னது.

எல்லாக் கடைக்கும் இப்படி அமையும்னு சொல்லல. சில கடைகளில் கையிருப்பு 10 நாளுக்குக்கூட வராது. ஆனா வரிசையை மாத்தாதீங்க. முதல்ல வங்கி, அடுத்து வாடகை, அடுத்து சப்ளையர் தவணை, அதற்குப் பிறகு மேல்மட்டச் சம்பளம், கடைசியாத்தான் மணிக்கணக்குச் சம்பளம். நம்மில் பல பேர் இதைத் தலைகீழா ஆரம்பிக்கிறோம், ஏன்னா மணிக்கணக்கு ஸ்டாஃபுக்கு நோட்டீஸ் அனுப்ப வக்கீல் கிடையாது.

படி 4: எண்ணைச் சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க

என் இரண்டாவது தப்பு இங்கே. ஷீட் மார்ச் 31-க்கே ரெடி. ஆனா நானும் ஓனரும் "ஆணை மாறுதான்னு பார்ப்போம்", "ஊரடங்கு நீளுதான்னு பார்ப்போம்" என்று இழுத்தோம். ஏப்ரல் 5-ம் தேதி, மார்ச் 24 வரை வேலை செய்த மணிக்கு மட்டும் சம்பளம் போட்டோம். மீதியைப் பற்றி ஒரு வார்த்தைகூட சொல்லல. ஏப்ரல் 9 அன்றுதான் 9 பேரையும் கான்ஃபரன்ஸ் காலில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம்.

எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு மாஸ்டர் மட்டும் ஒண்ணும் பேசல. அப்புறமா தனியா சொன்னார்: "நாலு நாள் முன்னாடி சொல்லியிருந்தா வட்டிக்கு வாங்கியிருக்க மாட்டேன் சார்."

அஞ்சு வட்டிக்கு 15,000 ரூபாய் வாங்கியிருந்தார். நூத்துக்கு மாசம் அஞ்சு ரூபாய், அதாவது வருஷத்துக்கு 60 சதவீதம். மாசம் 750 வட்டி கட்டி, எட்டாவது மாசம்தான் அசலை அடைச்சார். வட்டி மட்டும் 6,000 ரூபாய். கடை அவருக்கு ஒரு ரூபாய்கூட குறைக்கல. நாங்க வாயைத் திறக்காம இருந்த நாட்களுக்கு அவர் கட்டின விலை அது.

குறைவான தொகையா இருந்தாலும் பரவாயில்லை, தெரிஞ்சா மனுஷன் திட்டம் போட்டுக்குவான். ஊருக்குப் போறதா, இங்கேயே இருக்கிறதா, வாடகைக்கு என்ன சொல்றது, நகையை வைக்கிறதா வேண்டாமா, எல்லாமே அந்த ஒரு எண்ணை நம்பித்தான் இருக்கு. முழு விவரம் தெரியலைன்னாலும், தெரிஞ்ச வரைக்கும் சொல்லுங்க. இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும்:

"உங்க அடிப்படை மணி மாசம் 176. ஏப்ரல் 30 வரை இதுக்கு முழு ரேட் 60 ரூபாய். தொகை 10,560. மே 5-ம் தேதி உங்க பேங்க் அக்கவுண்ட்டுக்கு வரும். இது சம்பளம், கடன் இல்லை, பின்னாடி பிடிக்க மாட்டோம். மே மாசம் என்னன்னு ஏப்ரல் 25 அன்று சொல்றோம்."

கவனிங்க: மணி, ரேட், தொகை, தேதி, சம்பளமா அட்வான்ஸா என்பது, அடுத்து எப்போ பேசுவோம் என்பது. ஆறு விஷயம்தான். இதில் 'கடன் இல்லை' என்ற வரி ரொம்ப முக்கியம். ஊரடங்கில் சம்பளமா கொடுத்த பணத்தை, கடை திறந்ததும் 'அட்வான்ஸ்' என்று சொல்லிப் பிடிச்ச இடங்களும் உண்டு. அதோட, பேங்க் வழியாவே போடுங்க. ஒருத்தருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் கேஷா கொடுத்தா, வருமான வரியில் அந்தச் செலவை ஏத்துக்க மாட்டாங்க.

படி 5: பாதி திறக்கும்போது பாதி ரோஸ்டர்

மே 18-க்குப் பிறகு கடை பார்சலுக்கு மட்டும் திறந்தது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றமும், அந்த 54 நாள் சம்பள விஷயத்தில் ஓனர்களும் தொழிலாளர்களும் பேசி ஒரு முடிவுக்கு வரலாம், ஓனர்கள் மேல் கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்ற திசையில் உத்தரவு போட்டது. இனிமேல் எல்லாம் பேச்சுவார்த்தைதான்.

பார்சலுக்கு ஒரு நேரத்தில் 3 பேர் போதும். நல்லா வேலை செய்ற 3 பேரை வெச்சுக்கிட்டு 6 பேரை அனுப்புறது சுலபம். நாங்க 9 பேரையும் மூணு டீமா பிரிச்சோம். ஒரு வாரம் ஒரு டீம், அடுத்த இரண்டு வாரம் ஓய்வு. இதில் இரண்டு லாபம். எல்லாருக்கும் மணி கிடைக்கும். ஒரு டீமில் யாருக்காவது தொற்று வந்தா, மற்ற இரண்டு டீமும் அவங்களைப் பார்த்தே இருக்க மாட்டாங்க, கடையை மூட வேண்டாம்.

சம்பளம் எப்படி? வேலை செய்த மணிக்கு முழு ரேட். அடிப்படை மணியில் மீதிக்குப் பாதி ரேட். அந்தப் பாதியை நான் சும்மா எடுக்கல. அப்போ நடைமுறையில் இருந்த தொழில் தகராறு சட்டத்தில், 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளில் லே-ஆஃப் செய்யப்பட்டவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அதில் 50 சதவீதம் என்று இருந்தது. எங்க ஹோட்டலுக்கு அது பொருந்தாது. ஆனா பேச்சை ஆரம்பிக்க ஒரு நியாயமான அளவுகோல்.

அக்காவுக்கு: 70 மணி வேலை × 60 = 4,200. மீதி 106 மணி × 30 = 3,180. மொத்தம் 7,380 ரூபாய்.

வேலைக்கே கூப்பிடாம இருந்திருந்தா 5,280 கிடைச்சிருக்கும். வேலைக்கு வந்தவருக்குக் கண்டிப்பா கூட வரணும், வராதவருக்குப் பூஜ்ஜியம் ஆகக் கூடாது. இந்த இரண்டையும் உங்க ஃபார்முலா செய்தா, அது நல்ல ஃபார்முலா.

படி 6: இருமலுக்கு அபராதம் போடாதீங்க

இது பண விஷயம் மட்டும் இல்லை, நோய் விஷயம். மணிக்கணக்கு ஆள் காய்ச்சல்னு சொன்னா சம்பளம் போகும். அப்போ என்ன பண்ணுவார்? டோலோ போட்டுக்கிட்டு வருவார். நாமளே கிச்சனுக்குள்ள தொற்றைக் கூப்பிட்டுக் கொடுத்த மாதிரி.

எங்க கணக்கு: 14 நாள் ஓய்வில் ஒருத்தருக்கு அதிகபட்சம் ஒரு வார ஷிஃப்ட் போகும். 6 நாள் × 8 மணி × 60 = 2,880. பாதி ரேட் எப்படியும் கொடுக்கப் போறோம், அது 1,440. முழுசா கொடுக்க ஆகுற கூடுதல் செலவும் 1,440தான். அதை மிச்சம் பிடிக்கப் போய் கடையை இரண்டு வாரம் மூடினா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

இ.எஸ்.ஐ. இருக்கிறவங்களுக்கு வேறு வழிகளும் உண்டு. மருத்துவ விடுப்புக்கு சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். வேலையே போனவங்களுக்கு, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவில் 2020-ல் நிவாரணத்தை 25-லிருந்து 50 சதவீதமா உயர்த்தினாங்க, 90 நாள் வரைக்கும். ஆனா அதுக்கு பங்களிப்பு ரெக்கார்ட் சரியா இருக்கணும். ஸ்டாஃபின் இ.எஸ்.ஐ. நம்பரில் ஆதார், பேங்க் அக்கவுண்ட், மொபைல் எல்லாம் சேர்ந்திருக்கான்னு நோய் வர்றதுக்கு முன்னாடியே பாருங்க. அவங்க பேர்ல ஒரு எழுத்து தப்பா இருந்து பணம் நின்னா, அந்த எழுத்தைத் தப்பா போட்டது நம்ம ஆபீஸ்தான்.

உங்க வீட்டுக்கும் இதே கணக்குதான்

நீங்க எந்த டீமையும் மேனேஜ் பண்ணலைன்னாலும், உங்க வீட்டுக்கு சமைக்கவோ துணி துவைக்கவோ ஒரு அக்கா வரலாம். அவங்களுக்கு நீங்கதான் கம்பெனி, நீங்கதான் எச்.ஆர். அபார்ட்மென்ட் கேட் மூடினா அவங்களுக்கு என்ன கொடுப்பீங்க?

எமர்ஜென்சி ஃபண்டுன்னா ஆறு மாசச் செலவுன்னு அடிக்கடி சொல்றேன் இல்லையா? அதில் அவங்க மூணு மாசச் சம்பளத்தையும் சேருங்க. மாசம் 3,000 என்றால் 9,000 ரூபாய். ஒரு போன் கவருக்கும் இயர்பட்ஸுக்கும் நாம செலவு பண்ற பணம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. உங்க டீமில் மணிக்கணக்கு, நாள் கணக்கு ஆட்கள் யார் யார்னு பட்டியல் போடுங்க.
2. கடைசி மூணு மாச மணியை எடுத்து ஒவ்வொருவருக்கும் அடிப்படை மணி எழுதுங்க.
3. பேங்க் அக்கவுண்ட், இ.எஸ்.ஐ., பி.எஃப். விவரம் சரிபாருங்க.
4. 'கடை மூடினால்' என்று ஒரு ஷீட் தனியா வெச்சுக்கங்க. மணிக்கணக்கு வரியைக் காலியா விடாதீங்க.
5. மூடினா முதல் மூணு நாளுக்குள் எண்ணைச் சொல்றதுன்னு உங்க மேனேஜரிடம் இப்பவே பேசி வையுங்க.

அந்த ஹோட்டல் இன்னைக்கும் ஓடுது. 2020-ல் இருந்த 9 பேரில் 7 பேர் இன்னும் அங்கேயே இருக்காங்க. அந்த மாஸ்டரும்தான். போன மாசம் ஆடிட் வேலையா போனப்போ காபி கொண்டு வந்து வெச்சார். "மறுபடி மூடினா முதல் நாளே சொல்லிடுங்க சார்" என்று சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

சொல்லிடுவேன். நீங்களும் உங்க ஆட்களுக்குச் சொல்லிடுங்க.

அடுத்த பாடத்தில் சந்திப்போம்.